சொல்லாமல் எடுத்த முடிவுகள்

(புள்ளியியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யார் நினைவாக இந்த அறக்கட்டளை நடக்கிறதோ அவரிடம் நான் இரண்டாண்டு படித்தேன். ஆய்வகத்தில் அப்போது எங்களுக்குக் கிடைத்தது கையால் சுற்றும் பேசிட் கணக்கு இயந்திரம். கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டல், பின்னால் சுற்றினால் கழித்தல். வகுக்கும்போது ஒரு சுற்று கூடிவிட்டால் மணி அடிக்கும். பத்து இயந்திரங்களும் ஒன்றாக ஓடினால் கோயில் மண்டபம் போல இருக்கும். ஐயா விடையைப் பார்க்கமாட்டார். நோட்டின் இடப்பக்கத்தைப் பார்ப்பார். எந்தச் சூத்திரம், ஏன் அந்தச் சூத்திரம், எத்தனையாவது தசமத்தில் நிறுத்தினாய், விடுபட்ட எண்ணை என்ன செய்தாய் என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் சரியான விடைக்கும் சுழிதான். அன்றைக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. பிறகு முப்பது ஆண்டுகள் மருந்துச் சோதனைகளின் கணக்கைப் பார்த்துப் பிழைத்தவன் நான். இன்றைக்குப் பேசப்போவது முழுக்க அந்த இடப்பக்கத்தைப் பற்றித்தான்.

அழைப்பிதழில் 'மென்பொருள்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, எதைக் கற்றால் வேலை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளச் சிலர் வந்திருப்பீர்கள். அதற்கும் கடைசியில் வருகிறேன். முதலில் கரும்பலகையில் நான்கு எண்கள்.

1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. நுரையீரல் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன் தருமா என்ற சோதனை. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த முறை: யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதைச் சீரற்ற எண்களால் முடிவுசெய்து உறைகளில் போட்டு ஒட்டிவிட்டார்கள். நோயாளியைச் சேர்த்த பிறகே உறையைப் பிரிக்கவேண்டும். மருந்து பெற்றவர்கள் 55 பேர், ஓய்வு மட்டும் 52 பேர். ஆறு மாத முடிவில் முதல் பிரிவில் 4 பேரும் இரண்டாவதில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 7 சதவீதம், 27 சதவீதம். இன்றைய மருந்துச் சோதனை என்ற ஏற்பாட்டுக்கே பிள்ளையார்சுழி இது என்று சொல்லலாம்.

எண்கள் இவை: மருந்துப் பிரிவில் இறந்தவர் 4, பிழைத்தவர் 51, ஓய்வுப் பிரிவில் இறந்தவர் 14, பிழைத்தவர் 38. பள்ளிப் பாடத்தில் படித்த கை-வர்க்கச் சோதனைதான். இந்த நான்கு எண்களை சாஸ் மென்பொருளில் கொடுத்தால், விடைப் பட்டியலின் முதல் வரியில் 7.38 என்று வரும். பி-மதிப்பு சுமார் 0.007. அதே நான்கு எண்களை ஆர் மென்பொருளில், வேறெதுவும் சொல்லாமல் கொடுத்தால் 6.04 என்று வரும், பி-மதிப்பு 0.014. நூற்றுக்கு ஒன்று என்று கோடு போட்டு வைத்திருப்பவருக்கு, ஒரு மென்பொருளில் மருந்து கோட்டைத் தாண்டிவிட்டது, இன்னொன்றில் தாண்டவில்லை.

இரண்டில் ஒன்று தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறதா? இல்லை. ஃபிராங்க் யேட்ஸ் 1934இல் ஒரு திருத்தம் சொன்னார். மனிதர்களை எண்ணினால் முழு எண்தான் வரும்; படிக்கட்டு மாதிரி. கை-வர்க்க வளைவோ வழவழவென்று போகும். படிக்கட்டை வளைவோடு பொருத்தும்போது அரை எண்ணைக் கழித்துக்கொள் என்றார். இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஆர் அதைத் தானாகவே கழித்துவிடுகிறது. சாஸ் கழிக்காத எண்ணை மேலே போட்டு, கழித்ததை இரண்டு வரி கீழே தருகிறது. கழிக்கவேண்டுமா கூடாதா என்று புள்ளியியலாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தத் திருத்தம் தேவைக்கு மேல் அடக்கி வாசிக்கிறது என்பது என் கட்சி. என் கட்சி இங்கே முக்கியமில்லை. நான் எந்தக் கட்சி என்று இரண்டு மென்பொருளும் கேட்கவே இல்லை, அதுதான் விஷயம். நான் வாயைத் திறக்காதபோது அவை எனக்காக ஒரு முடிவை எடுத்துக்கொண்டன. தொழிலில் இதை டிஃபால்ட் என்போம். மருந்துச் சோதனையில் மென்பொருள் கூட்டல் கழித்தலில் தவறி ஆள் செத்ததாக நான் கேட்டதில்லை. இந்தச் சொல்லாத முடிவுகளால் வந்த வினைகளைப் பார்த்திருக்கிறேன்.

கருவிகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். சீரற்ற ஒதுக்கீடு ஒரு முறையாக வேரூன்றியது வயல்காட்டில். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் ஃபிஷர் உரச் சோதனைகளுக்காக வகுத்தார். யேட்ஸும் அங்கே வேலை பார்த்தவர்தான். வியப்பு என்னவென்றால் சாஸும் வயலிலிருந்து வந்ததுதான். 1966 வாக்கில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், வேளாண் ஆய்வுத் தரவுகளைக் கணக்கிட அந்தோணி பார் தொடங்கினார். ஜேம்ஸ் குட்நைட் முதலியோர் சேர்ந்தார்கள். 1976இல் தனி நிறுவனமாயிற்று. அக்காலத்தில் தரவு என்றால் துளையிட்ட அட்டை. ஓர் அட்டைக்கு 80 இடம். இன்றைக்கும் சாஸ் நிரலில் 'கார்ட்ஸ்' என்று எழுதி அரைப்புள்ளி போட்டு, அடியில் எண்களைத் தட்டினால் வாங்கிக்கொள்ளும். அட்டையைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் உருவாக்கிய எஸ் என்ற மொழியின் வழியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களில் உருவாக்கியது ஆர். அதன் 1.0 பதிப்பு வெளிவந்த நாள் 2000 பிப்ரவரி 29.

இந்த மென்பொருள்களுக்கெல்லாம் முன்பே, 1956இல், நம் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் நோய் தீருமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்று 193 நோயாளிகளைச் சீரற்ற முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய சமமான பலன் தருகிறது என்று 1959இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் சானடோரியங்களைக் காலிசெய்ய வைத்த கட்டுரைகளில் அது ஒன்று. நாம் இன்று பேசும் மென்பொருள்களில் ஒன்றுகூட அப்போது பிறந்திருக்கவில்லை. ஆகவே, நல்ல சோதனைக்கு மென்பொருள் வேண்டும் என்று யாரும் எண்ணவேண்டாம். பல நாடுகளில், நூறு மருத்துவமனைகளில், ஆயிரக்கணக்கான நோயாளிகளோடு நடக்கும் இன்றைய சோதனைக்குத்தான் அது வேண்டும்.

சரி, சொல்லாத முடிவுகள் இன்னும் சிலவற்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

1 முதல் 6 வரை ஆறு எண்கள். முதல் கால்மானம் என்ன? சாஸைக் கேட்டால் 2. ஆரைக் கேட்டால் 2.25. கால்மானத்துக்கு வரையறைகள் பல. சாஸ் தன் ஐந்தாவது வரையறையைக் கையாள்கிறது, ஆர் தன் ஏழாவதை. ஆருக்கு 'இரண்டாவது வகை' என்று ஒரு சொல் சொன்னால் இரண்டும் ஒத்துப்போகும். அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட இளைஞர்களை எனக்குத் தெரியும். 2.5ஐ முழு எண்ணாக்கு என்றால் சாஸ் 3 என்று சொல்லும். ஆர் 2 என்று சொல்லும். சரிபாதியாக வந்தால் இரட்டைப்படைப் பக்கம் போ என்பது ஆர் கடைப்பிடிக்கும் உலகத் தரவிதி. நாள் கணக்கில் சாஸுக்கு 1960 ஜனவரி 1 சுழி; ஆருக்கு 1970 ஜனவரி 1. நடுவில் 3,653 நாள். வடிவத்தைச் சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் இங்கிருந்து அங்கே தள்ளினால் நோயாளிக்குப் பத்து வயது கூடும், அல்லது குறையும். இதெல்லாம் சில்லறை. உடனே கண்ணில் பட்டுவிடும்.

கண்ணில் படாதது வேறு. புற்றுநோய் மருந்துகளில், நோய் திரும்ப எத்தனை நாள் ஆயிற்று என்று பார்க்க 1972இல் டேவிட் காக்ஸ் தந்த மாதிரியைப் பயன்படுத்துகிறோம். அது, யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்ற வரிசையை வைத்து நடப்பது. இரண்டு பேருக்கு ஒரே நாளில் நோய் திரும்பினால் யார் முன்னால்? காலத்தை நாளில் அளந்தால் இப்படி ஒன்றிரண்டுதான் வரும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கும் சோதனையில் கூட்டம் கூட்டமாக வரும். அப்போது பிரெஸ்லோ சொன்ன வழி ஒன்று, எஃப்ரான் சொன்ன வழி ஒன்று. சாஸ் சொல்லாமலே பிரெஸ்லோவை எடுக்கும். ஆரின் சர்வைவல் தொகுப்பு சொல்லாமலே எஃப்ரானை எடுக்கும். ஒரே நோயாளிகள், ஒரே மாதிரி, வேறு எண். கட்டுரையின் முறைப்பகுதியிலோ 'காக்ஸ் மாதிரி பயன்படுத்தப்பட்டது' என்று ஒரே வரி. இடப்பக்கம் காலி.

என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போன நோயாளிகளின் பட்டியல் கேட்டார்கள். சாஸில் ஒரே வரி: 8ஐவிடக் குறைந்தால் எடு. சாஸ் ஓடும்போது லாக் என்று ஒரு பக்கம் தரும். பிழை சிவப்பில், எச்சரிக்கை பச்சையில், குறிப்பு நீலத்தில். எனக்குச் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. பட்டியலை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். சாயங்காலம் மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, இதுல பதினோரு பேருக்கு நம்பரே இல்லையேப்பா, ஒரு புள்ளிதானே இருக்கு?"

அந்தப் புள்ளிதான் சங்கதி. சாஸில் விடுபட்ட எண்ணுக்கு அடையாளம் ஒரு புள்ளி. ஒப்பிடும்போது அது எல்லா எண்ணையும்விடச் சிறியது. எந்த எதிர்ம எண்ணையும்விடச் சிறியது. ஆகவே இரத்தமே எடுக்காத பதினோரு பேரும் கடும் சோகைக்காரர்களாகிவிட்டார்கள். ஆர் இந்த இடத்தில் வேறு மாதிரி. இல்லாததை 8உடன் ஒப்பிடச் சொன்னால் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, தெரியாது என்று சொல்லும். சராசரி கேட்டால்கூட, இல்லாதவர்களை என்ன செய்யட்டும் என்று நாம் சொல்லும்வரை முரண்டு பிடிக்கும். சாஸ் அவர்களை ஓசைப்படாமல் ஒதுக்கிவிட்டு, இருப்பவர்களின் சராசரியைக் கையில் கொடுக்கும். முரண்டு பிடிக்கும் கருவி எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் மருந்துச் சோதனையில் ஆள் சும்மா காணாமல் போவதில்லை. வாந்தி தாங்காமல் நின்றுவிட்டவர், குணமாகிவிட்டது என்று வராமல் போனவர், பேருந்துக்குக் காசில்லாதவர், இறந்தவர் எல்லாரும் அந்த ஒரே புள்ளிக்குள் இருக்கிறார்கள். அந்தப் புள்ளியை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதைப் பற்றித்தான் கடந்த இருபது ஆண்டுகளாக எங்கள் துறையில் பாதி விவாதம்.

அன்றிலிருந்து லாக்கின் நீல வரிகளை நான் சிவப்பைவிடக் கவனமாகப் படிக்கிறேன். சிவப்பு வந்தால் வேலை நின்றுவிடும், யாருக்கும் ஆபத்தில்லை. 'எண் மதிப்பு எழுத்தாக மாற்றப்பட்டது', 'இணைக்கும் இரண்டு கோப்பிலும் ஒரே அடையாளம் பலமுறை வருகிறது' என்றெல்லாம் நீலத்தில் சாதுவாக ஒரு வரி வரும் பாருங்கள், குடி கெடுப்பது அது.

இதைவிடப் பெரிய கதை, ஊரறிந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 240 நோயாளிகளோடு ஒரு சோதனை நடந்தது. நாள்பட்ட மூச்சடைப்பு நோயாளிகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, செவிலியர் கூடவே இருந்து தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தால் பயனுண்டா என்று பார்த்தார்கள். 2018இல் ஜாமா இதழில் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இந்த நோய்க்காக மருத்துவமனைக்கோ அவசரப் பிரிவுக்கோ போனது, பயிற்சி பெற்றவருக்குச் சராசரி 0.72 முறை, வழக்கமான கவனிப்பு பெற்றவருக்கு 1.40 முறை. பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. நல்ல செய்தி.

2019இல் அதே ஆசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். எண்கள் சரி, பிரிவுகள் இடம் மாறிவிட்டன. பயிற்சி பெற்றவருக்குத்தான் 1.40. நடந்தது என்னவென்றால், யார் எந்தப் பிரிவு என்பது 1, 2 என்று குறிக்கப்பட்டிருந்தது. பகுப்பாய்வுக்கு வசதியாக அதை 0, 1 என்று மாற்றும் இடத்தில் தலைகீழாகிவிட்டது. அவ்வளவுதான். எந்த மென்பொருளும் எச்சரிக்காது. நீல வரிகூட வராது. 1 என்றால் பயிற்சி என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அது மனிதன் தலைக்குள் இருக்கும் பொருள். அந்த ஆசிரியர்கள் மறைக்காமல் தாங்களே எழுதி, திருத்திய பகுப்பாய்வை அதே இதழில் வெளியிட்டார்களே, அதற்கு நான் தலை வணங்குகிறேன். எத்தனை பேர் செய்வார்கள்?

மருந்துக் கம்பெனிகளின் சோதனைகளில் இதற்கு என்ன காவல் வைத்திருக்கிறோம் என்று கேட்பீர்கள். இரண்டு சொல்கிறேன். ஒன்று, பகுப்பாய்வுத் திட்டம். எந்தப் பிரிவு எது என்று தெரிவதற்கு முன்பே, எந்தச் சோதனை, எந்தத் திருத்தம், ஒரே நாளில் இரண்டு பேர் வந்தால் யார் வழி, விடுபட்டவருக்கு என்ன என்றெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுவிடவேண்டும். ஐயாவின் இடப்பக்கத்தை வலப்பக்கத்துக்கு முன்பே எழுதச் சொல்வது இது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கூடி வகுத்த ஐசிஹெச் நெறிமுறைகளில் 1998இல் வந்த ஈ9 என்ற ஆவணம் இதை வலியுறுத்துகிறது.

இரண்டாவது, இரட்டை நிரல். ஒரே திட்டத்தைப் படித்துவிட்டு இரண்டு பேர் தனித்தனியாக நிரல் எழுதவேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. கடைசியில் இரண்டு கோப்புகளையும் சாஸின் 'கம்பேர்' கட்டளையில் போட்டால், 'சமமில்லாத மதிப்பு எதுவும் காணப்படவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த வரியைப் பார்க்கும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, பரீட்சை முடிவு வந்த நாளில்கூட அப்படி இருந்ததில்லை. ஆனால் அந்த வரியையும் முழுதாக நம்பாதீர்கள். இரண்டு கோப்பிலும் பொதுவாக இருப்பதை மட்டுமே அது ஒப்பிடும். ஒன்றில் 300 பேரும் மற்றொன்றில் 298 பேரும் இருந்தாலும், பொதுவான 298 பேர் ஒத்துப்போனால் அதே இனிய வரிதான் வரும். இரண்டு பேர் இல்லை என்பது சில வரி மேலே இருக்கும். களைத்த கண் மேலே போகாது. இன்னொன்று: இரண்டு பேரும் ஒரே மென்பொருளில் எழுதினால், டிஃபால்ட் இருவருக்கும் ஒன்றுதான். இருவரும் ஒரே பள்ளத்தில் கைகோத்து விழுவார்கள். அதனால்தான் ஒருவர் சாஸிலும் மற்றவர் ஆரிலும் எழுதினால் நல்லது என்று நான் கட்சி கட்டுவேன். மேலாளர்களுக்குப் பிடிக்காது, நேரமாகும்.

யாருக்கு எது போயிற்று என்ற மறைப்பை நீக்கும் இரவைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவரை எங்களிடம் இருப்பது போலி ஒதுக்கீட்டுப் பட்டியல். யாருக்கு மருந்து என்று குத்துமதிப்பாகக் கணினி போட்ட பட்டியல். அதை வைத்தே நூற்றுக்கணக்கான அட்டவணைகளையும் உருவாக்கிச் சரிபார்த்து வைத்திருப்போம். அந்த இரவில் ஒரு கோப்பை மட்டும் எடுத்துவிட்டு உண்மையானதை வைப்போம். எல்லா நிரலும் மறுபடி ஓடும். மூன்று நான்கு ஆண்டு, பல கோடி ரூபாய், நோயாளிகளின் உடம்பு எல்லாம் அந்த ஒரு கோப்புக்குப் பின்னால் நிற்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கதையைப் படித்த பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கோப்பை மாற்றியதும் அட்டவணையைத் திறப்பதில்லை. மருந்தகத்திலிருந்து வந்த வழங்கல் பதிவேட்டில் பத்து நோயாளிகளை எடுத்து, டப்பா எண்ணைப் பார்த்து, இந்த ஆளுக்கு உண்மையில் எது போயிற்று என்று கையால் சரிபார்ப்பேன். பென்சிலால் ஒரு டிக். சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மென்பொருளுக்கு முன்பே எடுக்கப்படும் முடிவுகள் வேறு இருக்கின்றன. நம் ஊரில் நடக்கும் சோதனைகளில் இதை நான் நிறையப் பார்த்தேன். அம்மா ஒருவர் வந்து, "மாத்திரை போட்டதுலேருந்து மயக்கமா வருது" என்பார். நம் மொழியில் மயக்கம் என்றால் கீழே விழுந்து நினைவு தப்புவதும் மயக்கம், தலை கிறுகிறுப்பதும் மயக்கம், சோர்ந்து வருவதும் மயக்கம். ஒருங்கிணைப்பாளர் அதை ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக எழுதுவார். அந்தச் சொல்லை மெட்ரா என்ற உலக மருத்துவ அகராதியில் தேடிக் குறியிடுவார்கள். கிறுகிறுப்பு என்று எழுதினால் நரம்பு மண்டலப் பகுதிக்குப் போகும். சுற்றுகிறது என்பதற்கான வேறு சொல்லை எழுதினால் காதுப் பகுதிக்குப் போய்விடும். ஒரே அம்மா, ஒரே உபாதை, அட்டவணையில் இரண்டு பக்கம் தள்ளி. இதில் சாஸ் என்ன செய்யும், ஆர் என்ன செய்யும்?

எப்போது வந்தது என்று கேட்டால், "ஆடி மாசம்" என்பார். ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. படிவமோ நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டம் கேட்கிறது. ஒருங்கிணைப்பாளர் நாளைத் தெரியாது என்று போட்டு, மாதத்தை ஆகஸ்ட் என்று எழுதுவார். முதல் மாத்திரை ஆகஸ்ட் 9 அன்று கொடுத்தது. இந்த மயக்கம் மருந்துக்கு முன்னா பின்னா? ஐயம் இருந்தால் மருந்துக்குப் பின்னால் வந்ததாகவே எடுத்துக்கொள் என்பது தொழிலின் வழக்கம். நிரல் ஆகஸ்ட் 9 என்று தானே நிரப்பிக்கொள்ளும். பாதுகாப்புக்கு அது சரியான பக்கம்தான். ஆனால் ஜூலையில் நடந்தது என்று எழுதியிருந்தால் அது மருந்துக் கணக்கிலேயே வந்திருக்காது. 'மாத்திரைக்கு முந்தியா பிந்தியாம்மா?' என்று அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த நிரலே தேவையில்லை.

அந்த அம்மா சொன்ன தமிழ்ச் சொல் கடைசிவரை போகவும் முடியாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குத் தரவு அனுப்பும் கோப்பு வடிவம் சாஸ் நிறுவனம் பழைய பெருங்கணினிக் காலத்தில் வகுத்தது. மாறியின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு கட்டத்தில் 200 எழுத்துக்கு மேல் கூடாது. ரோமன் எழுத்தைத் தவிர வேறு எழுத்துக்கு இடமில்லை. எங்கள் துறையில் எல்லாப் பெயரும் மென்று துப்பியது போல இருப்பதற்கு அந்த எட்டெழுத்துதான் காரணம். மாற்று வடிவம் கொண்டுவரும் முயற்சி இப்போதுதான் நடக்கிறது.

இந்த வடிவத்தை வைத்துத்தான், எஃப்டிஏ சாஸை மட்டுமே ஏற்கும் என்ற பேச்சு நம் ஊரில் பல ஆண்டு ஓடியது. பயிற்சி நிலையங்கள் அதைச் சொல்லியே கட்டணம் வாங்கின. அப்படி ஒரு விதி கிடையாது. 2015இல் எஃப்டிஏ ஓர் அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது: எந்த மென்பொருளையும் நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, எதைப் பயன்படுத்தினீர்கள், எந்தப் பதிப்பு என்று முழுமையாக எழுதிக்கொடுங்கள். ஆர் கூட்டமைப்பு 2021இல் ஆரில் செய்த ஒரு மாதிரிச் சமர்ப்பிப்பை அனுப்பியது. அவர்கள் வாங்கி, ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது பெரிய மருந்து நிறுவனங்களே ஆருக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

ஆர் இலவசம் என்பதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். கம்பெனிக்குச் செலவு வேறு வழியில் வந்துவிடும். மாணவருக்கு இலவசம் என்பது பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதைத் திறந்து பார்க்கலாம் என்பது. யேட்ஸ் அரை எண்ணைக் கழிக்கும் வரி எது என்று நிரலுக்குள் போய் விரலை வைத்துக் காட்டலாம். சாஸில் ஆவணத்தை நம்பவேண்டும். ஆவணம் மிக நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். ஆருக்கு வேறு நோய் உண்டு. நேற்று இருந்தது இன்று இருக்காது. 2019இல் வந்த 3.6.0 பதிப்பில், சீரற்ற முறையில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையின் உள்வழியையே மாற்றிவிட்டார்கள். பழைய முறையில் நுண்ணிய சாய்வு இருந்தது, மாற்றியது நியாயம்தான். ஆனால் பழைய பதிப்பில் ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்து ஒதுக்கீட்டுப் பட்டியல் போட்டவர், அதே எண்ணைப் புதிய பதிப்பில் கொடுத்தால் வேறு பட்டியல் வரும். உறைக்குள் இருப்பது ஒன்று, கணினி மறுபடி காட்டுவது ஒன்று. பதிப்பு எண் எழுதாத பட்டியல் எப்படி உருவானது என்று ஐந்தாண்டு கழித்து யாராலும் நிரூபிக்க முடியாது.

எதைக் கற்பது என்ற கேள்விக்கு வந்துவிட்டேன். வேலைக்கு இன்னும் சாஸ் வேண்டும், ஆரும் வேண்டும், இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் போதும். நேர்காணலில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் கட்டளைகளைப் பற்றிக் கேட்டதே இல்லை. 4, 51, 14, 38 என்ற நான்கு எண்களைத் தாளில் எழுதி, கணினியில் போட்டு விடை சொல் என்பேன். பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் 6.04 என்றோ 7.38 என்றோ சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரே ஒரு பெண், சிறிய ஊர்க் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர், கணினியைத் தொடவில்லை. "சார், திருத்தத்தோடயா, இல்லாமலா? திட்டத்துல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். திட்டம் எதுவும் இல்லை, சும்மா சொல் என்றேன். "அப்ப ரெண்டையும் எழுதி, எது எதுன்னு பக்கத்துல போட்டுடறேன்" என்று தாளை வாங்கி, நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.